அலுவலக இன்டர்காம் பெட்டியை முறையாக அணைப்பதும் எழுப்புவதும்

மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்துகிறது. காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்கு வரும். சில ஊர்களில் மாலை 5 மணியும் ஆகும். யுபிஎஸ் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ தாங்கும். அதன்பின் சுவரில் மாட்டியிருக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி தானாகவே அணையட்டும், கரண்ட் வந்ததும் தானாகவே எழட்டும் என்று பெரும்பாலான அலுவலகங்களில் விட்டுவிடுகிறார்கள். பல மாதங்கள் அப்படியே ஓடிவிடும். பிறகு ஒரு நாள் பாதி எக்ஸ்டென்ஷன்கள் வராது. வெளியிலிருந்து அழைப்பவருக்கு மணி போகும், ரிசப்ஷனில் போன் அடிக்காது.

மின்சாரம் போவதைவிட, அது இறங்கும் கடைசி நிமிடங்களும் திரும்பி வரும் முதல் நிமிடங்களும்தான் பெட்டிக்கு ஆபத்து. யுபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில் பெட்டி அணைந்து, எழுந்து, மறுபடி அணையும். அந்த நேரத்தில் மெமரி கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பதிவு பாதியில் நின்று கெடும். கரண்ட் திரும்பும்போது தெரு முழுக்க ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுப்பதால் வோல்டேஜ் ஏறி இறங்கும். இரண்டு நிமிடத்தில் மறுபடி போனாலும் போகும். நீங்களே நேரம் பார்த்து அணைத்து, நீங்களே நேரம் பார்த்து எழுப்பினால் இந்த இரண்டு கட்டங்களையும் பெட்டி சந்திக்காது. எட்டு எக்ஸ்டென்ஷனிலிருந்து நூறு வரை வைத்திருக்கும் அலுவலகம், லாட்ஜ், கிளினிக், பள்ளி ஆகியவற்றில் இந்த வேலையைப் பார்ப்பவருக்காக இந்த அத்தியாயம்.

முதலில் வயரைப் பின்தொடருங்கள்

தொலைபேசி அமைப்பு என்றால் அந்த ஒரு பெட்டி மட்டும் இல்லை. வெளி லைன் எங்கே வருகிறதோ அங்கிருந்து தொடங்கி, கடைசி மேசை போன் வரை நடந்து பாருங்கள். வழியில் பிளக்கில் செருகியிருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

செம்புக் கம்பி லைன் என்றால் எம்டிஎஃப் என்ற வயர் இணைப்புப் பெட்டியில், வயர்களைச் செருகும் க்ரோன் மாட்யூல்களுக்கு வந்து, அங்கிருந்து இபிஏபிஎக்ஸுக்குப் போகும். ஃபைபர் லைன் என்றால் நடுவில் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டி இருக்கும். அதற்குத் தனி அடாப்டர். பிஆர்ஐ லைன், அதாவது ஒரே இணைப்பில் 30 பேர் பேசக்கூடியது, தொலைபேசி நிறுவனம் வைத்த மோடம் வழியாக வரும். சிம் கார்டு போட்ட ஜிஎஸ்எம் கேட்வே இருக்கலாம். இணையம் வழியாக வரும் எஸ்ஐபி ட்ரங்க் லைன் என்றால் ரௌட்டரும் ஃபயர்வாலும் பட்டியலில் சேரும். உள்ளே ஐபி போன்கள் இருந்தால் அவற்றுக்கு மின்சாரம் தருவது பிஓஇ ஸ்விட்ச்.

ஒவ்வொரு அடாப்டரிலும் அது எந்தப் பெட்டிக்குரியது என்று இப்போதே ஸ்டிக்கர் ஒட்டுங்கள். 12 வோல்ட் அடாப்டரும் 48 வோல்ட் அடாப்டரும் ஒரே மாதிரி உருண்டை முனையோடு வருவது உண்டு. மாற்றிச் செருகினால் 12 வோல்ட் பெட்டி அப்போதே போய்விடும். முறையாக அணைத்து எழுப்பியும் ஒரு பெட்டி செத்துப்போயிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முந்தைய நாள் வேலை

அணைக்கும் நாளன்று காலையில் இவற்றைச் செய்ய நேரம் இருக்காது. முதல் நாள் மாலையே முடித்துவிடுங்கள்.

1. இபிஏபிஎக்ஸின் புரோகிராமை பேக்கப் எடுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இரண்டிலும் தேதி போட்டு. பாஸ்வேர்டு உங்களிடம் இல்லை, சர்வீஸ் செய்பவரிடம்தான் இருக்கிறது என்றால் இந்த வேலைக்கு முன்பாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். பெட்டி உங்களுடையது, அதன் பாஸ்வேர்டும் பேக்கப்பும் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.
2. பிஓஇ ஸ்விட்சிலும் ரௌட்டரிலும் செய்த மாற்றங்கள் சேமிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஸ்விட்சுகளில் மாற்றம் உடனே வேலை செய்யும், ஆனால் தனியாக ‘சேவ்’ கொடுக்காவிட்டால் அணைத்ததும் மறந்துவிடும். ஆறு மாதம் முன்பு யாரோ செய்த மாற்றம் நாளை மதியம் காணாமல் போவது இப்படித்தான்.
3. பெட்டியின் முன்பக்கத்தை மொபைலில் படம் எடுங்கள். எந்த விளக்கு பச்சை, எந்த விளக்கு சிமிட்டுகிறது, எந்த வயர் எந்த ஓட்டையில் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும் நேரத்துப் படம்தான் நாளை ஒப்பிட உதவும்.
4. கால் பில் கணக்குக்கு தனி கம்ப்யூட்டர் இருந்தால், பெட்டியில் தேங்கியிருக்கும் அழைப்பு விவரங்களை இறக்கிக்கொள்ளுங்கள்.
5. லாட்ஜாக இருந்தால், பெட்டியை அணைத்தபின் வர வேண்டிய வேக்-அப் கால்களைத் தாளில் எழுதுங்கள். சில பெட்டிகள் அவற்றை நினைவில் வைத்திருக்கும், சில வைத்திருக்காது. காலை 4 மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய விருந்தினரை இதில் சோதித்துப் பார்க்கக் கூடாது.
6. லிஃப்டுக்குள் இருக்கும் இன்டர்காம், கேட் வாட்ச்மேன் போன், தீ அலாரத்தின் தானியங்கி டயலர், ஃபேக்ஸ், போன் லைனில் ஓடும் கார்டு மெஷின் ஆகியவற்றில் எவை இந்தப் பெட்டியைச் சார்ந்தவை என்று கண்டுபிடித்து, சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லுங்கள். லிஃப்ட் இன்டர்காம் இதில்தான் ஓடுகிறது என்றால், அணைத்திருக்கும் நேரம் முழுவதும் லிஃப்டை ஜெனரேட்டரில் ஓட்டாமல் நிறுத்திவைப்பதே சரி.
7. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ஒரு மொபைலுக்குத் திருப்ப தொலைபேசி நிறுவனத்திடம் ஏற்பாடு செய்யுங்கள். இபிஏபிஎக்ஸுக்குள் ஃபார்வர்டு போட்டால் பயன் இல்லை. பெட்டி அணைந்ததும் அதுவும் அணைந்துவிடும். திருப்பம் நிறுவனத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டவுடன் வேறொரு எண்ணிலிருந்து அழைத்துச் சரிபாருங்கள்.
8. ரிசப்ஷன் மேசையில் 112, 108 ஆகிய எண்களையும் முக்கியமான ஊழியர்களின் மொபைல் எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

*குறிப்பு:* பல அனலாக் பெட்டிகளில் ‘பவர் ஃபெயிலியர் டிரான்ஸ்ஃபர்’ என்ற வசதி உண்டு. பெட்டிக்கு மின்சாரம் நின்றதும் ஒரு குறிப்பிட்ட வெளி லைன் ஒரு குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷனோடு நேரடியாக இணைந்துவிடும். அந்த எக்ஸ்டென்ஷனில் சாதாரண போன் இருந்தால்தான் இது வேலை செய்யும். பட்டன் நிறைந்த டிஜிட்டல் போனில் செய்யாது. வெளி லைன் செம்புக் கம்பியாகவும் இருக்க வேண்டும். செம்புக் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருகிறது. ஃபைபருக்கு அப்படி வராது. ஓஎன்டி அணைந்தால் லைனும் இல்லை. உங்கள் பெட்டியில் எந்த லைன், எந்த எக்ஸ்டென்ஷன் என்று கையேட்டில் பார்த்து அந்த இடத்தில் ஒரு சாதாரண போனை வையுங்கள்.

கை வைக்கும் முன்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் பெட்டியில் மின்சாரமே இல்லை என்று நினைக்காதீர்கள். செம்புக் கம்பி லைனில் எப்போதும் 48 வோல்ட் அளவில் டிசி இருக்கும். அந்த லைனுக்கு அழைப்பு வந்தால் 75 வோல்ட்டும் அதற்கு மேலும் ஏசி பாயும். க்ரோன் மாட்யூலில் விரல் வைத்திருக்கும் நேரத்தில் யாராவது அழைத்தால் கை உதறும். ஏணியில் நின்றுகொண்டு வேலை பார்ப்பவருக்கு அந்த உதறலே விழுவதற்குப் போதும்.

பேட்டரி தனியாக வைத்திருக்கும் அமைப்புகளில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்து 48 வோல்ட் எடுத்திருப்பார்கள். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் ஸ்பானரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து ஷாக்கில் மட்டும் இல்லை. ஸ்பானரோ மோதிரமோ இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் அந்த உலோகம் நொடியில் பழுத்துவிடும். விரலோடு சேர்ந்து சுடும். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். உப்பிய பேட்டரி, கசிந்த பேட்டரி இருந்தால் தொடாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

இன்னும் சில:

- பச்சை எர்த் வயரை எந்தக் கட்டத்திலும் கழற்றாதீர்கள். வெளி லைனில் இடி வழியாக வரும் மின்னோட்டம் இறங்குவது அதன் வழியாகத்தான்.
- இடி மின்னல் நேரத்தில் லைன் வயர்களைத் தொடவே வேண்டாம். வேலையைத் தள்ளிப்போடுங்கள்.
- பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.
- தீய்ந்த வாடை வந்தால் கீழே சொல்லும் வரிசை எதுவும் வேண்டாம். எம்சிபியை இறக்குங்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள். தீ தெரிந்தால் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் மட்டும், தண்ணீர் கூடாது.

அணைக்கும் வரிசை

1. அழைப்பு குறைவான நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 9 மணிக்குக் கரண்ட் போகும் என்றால் 8.30க்கு வேலையைத் தொடங்குங்கள். கால் மணி நேரம் முன்பே எல்லோருக்கும் சொல்லுங்கள்.
2. யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று ஆபரேட்டர் கன்சோலிலோ பெட்டியின் வெப் பக்கத்திலோ பாருங்கள். பேசுபவர்கள் முடிக்கட்டும்.
3. பெட்டிக்கு ஷட் டவுன் கட்டளை இருந்தால் அதைக் கொடுங்கள். ஆஸ்டரிஸ்க் போன்ற சர்வர் வகையில், ‘கோர் ஸ்டாப் கிரேஸ்ஃபுல்லி’ என்ற கட்டளை புதிய அழைப்புகளை ஏற்காமல், நடக்கும் அழைப்புகள் முடியும் வரை காத்திருந்து நிறுத்தும். அதன்பின் சர்வரையே ஷட் டவுன் செய்ய வேண்டும். அவாயா ஐபி ஆஃபீஸ் ஐபி500 வி2 பெட்டியில் ஏயுஎக்ஸ் பட்டனை 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் ஷட் டவுன் தொடங்கும். எந்தப் பெட்டியானாலும் கட்டளை கொடுத்த அதே நொடியில் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மெமரி கார்டில் எழுதி முடிக்க அதற்கு ஒரு நிமிடமாவது தேவைப்படலாம். கையேட்டில் சொன்ன விளக்கு நிலை வரும்வரை காத்திருங்கள். கார்டை இந்த நேரத்தில் உருவவே கூடாது.
4. அப்படிப்பட்ட கட்டளை இல்லாத சாதாரண அனலாக் பெட்டி என்றால் நேரடியாக அடுத்த படிக்குப் போகலாம்.
5. பெட்டியின் ஏசி சுவிட்சை அணையுங்கள். பிறகு பேட்டரியின் சுவிட்சை அல்லது எம்சிபியை இறக்குங்கள். முன்பக்கத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஏசியை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் கார்டைப் பிடுங்கிக் கெடுத்தவர்கள் நிறைய.
6. ஜிஎஸ்எம் கேட்வே, பிஆர்ஐ மோடம் ஆகியவற்றை அணையுங்கள்.
7. பிஓஇ ஸ்விட்ச், ஃபயர்வால், ரௌட்டர், கடைசியாக ஓஎன்டி. இவற்றில் வேறு கம்ப்யூட்டர்களும் ஓடுகின்றனவா என்று கேட்டுவிட்டு அணையுங்கள்.
8. தொலைபேசிக்கான எல்லா பிளக்குகளையும் சுவிட்சில் அணைத்து வையுங்கள். கரண்ட் வந்ததும் அவை தானாக எழக்கூடாது. இவ்வளவு சிரமப்படுவதே அதற்காகத்தான். ‘யாரும் ஆன் செய்ய வேண்டாம்’ என்று எழுதி, உங்கள் மொபைல் எண்ணோடு ஒட்டுங்கள்.

ஆன் செய்யும் முன் ஒரு சின்ன சுவிட்சைப் பற்றி

பேனசோனிக் கேஎக்ஸ்-டிடிஏ 100, 200 போன்ற பெட்டிகளில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் ‘நார்மல்’, மறுபக்கம் ‘சிஸ்டம் இனிஷியலைஸ்’. அதோடு ஒரு ரீசெட் பட்டன். சுவிட்ச் நார்மலில் இருக்கும்போது ரீசெட்டை அழுத்தினால் ஹோல்டில் இருந்த அழைப்பு, பேசிக்கொண்டிருந்த அழைப்பு போன்றவை மட்டும் அறுந்து, பெட்டி பழைய புரோகிராமோடு எழும். இனிஷியலைஸ் பக்கம் வைத்து அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போகும். எக்ஸ்டென்ஷன் எண்கள், யாருக்கு எஸ்டிடி அனுமதி, எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்று பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்துப் போட்டதெல்லாம் அழிந்துவிடும்.

வேறு கம்பெனிப் பெட்டிகளில் இது ஜம்பராக இருக்கலாம், மெனுவில் ‘டீஃபால்ட்’ என்ற வரியாக இருக்கலாம். போன் வரவில்லை என்ற பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்ய நினைத்து இதைத் தொடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. உங்கள் பெட்டியில் இது எங்கே இருக்கிறது என்று இன்றே கண்டுபிடித்து, அதன் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும் முன்னும் அது நார்மலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுப்பும் வரிசை

கரண்ட் வந்ததும் பத்து நிமிடம் பொறுங்கள். யுபிஎஸ் முகப்பில் வோல்டேஜ் தெரியும். 230-ஐ ஒட்டி நிலையாக நின்றால் தொடங்கலாம். 200-க்குக் கீழேயோ 250-க்கு மேலேயோ இருந்தால் காத்திருங்கள். ஜெனரேட்டரில் பாதி எழுப்பிவிட்டு நடுவில் மின்வாரியக் கரண்டுக்கு மாறுவது வேண்டாம்.

1. யுபிஎஸ்ஸை முதலில் தனியாக ஆன் செய்து, நிலைபெற விடுங்கள்.
2. ஓஎன்டி, பிஆர்ஐ மோடம், ரௌட்டர், ஃபயர்வால். இணைய விளக்கு நிலையாக எரியும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.
3. பிஓஇ ஸ்விட்ச். போன்களுக்கு ஐபி முகவரி தருவது தனி சர்வர் என்றால் அதையும் இப்போதே எழுப்புங்கள்.
4. எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா, இனிஷியலைஸ் சுவிட்ச் நார்மலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இபிஏபிஎக்ஸின் ஏசியை ஆன் செய்யுங்கள். பிறகு பேட்டரியை இணையுங்கள்.
5. கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். சின்னப் பெட்டி இரண்டு மூன்று நிமிடத்தில் எழும். சர்வர் வகைக்குப் பத்து நிமிடமும் ஆகும். நடுவில் பொறுமை இழந்து அணைத்து ஆன் செய்தால், எழுந்துகொண்டிருந்த பெட்டியை நீங்களே கெடுக்கிறீர்கள். அணைத்தே ஆக வேண்டும் என்றால், அணைத்தபின் ஒரு நிமிடம் விட்டுத்தான் மறுபடி ஆன் செய்ய வேண்டும்.
6. ரன் விளக்கு, அலாரம் விளக்கு இரண்டையும் நேற்று எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்.
7. ஜிஎஸ்எம் கேட்வேயை ஆன் செய்யுங்கள்.
8. ஐபி போன்கள் பெட்டிக்கு முன்பே எழுந்து, பதிவாக முடியாமல் நிற்கக்கூடும். தானாகவே மறுபடி முயலும். ஐந்து நிமிடத்தில் வராத போனின் வயரைக் கழற்றி மாட்டுங்கள். மாடிக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தால், ரிசப்ஷன் இருக்கும் மாடியை முதலில், மற்றதை ஒவ்வொன்றாக எழுப்புவது நல்லது.

டயல் டோன் வந்தால் போதாது

போனை எடுத்தேன், டோன் வந்தது, எல்லாம் சரி என்று கிளம்பிவிடாதீர்கள். டயல் டோன் பெட்டியிலிருந்து வருவது. வெளி உலகத்தோடு தொடர்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. இந்த வரிசையில் சோதியுங்கள்:

1. ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்து இன்னொன்றுக்கு. இரண்டு பக்கமும் குரல் கேட்க வேண்டும்.
2. ஒவ்வொரு வெளி லைனையும் தனித்தனியாகப் பிடித்து வெளியே ஒரு மொபைலுக்கு. பெட்டியே லைனைத் தேர்ந்தெடுக்க விட்டால் நல்ல லைன் ஒன்றே திரும்பத் திரும்பக் கிடைத்து, கெட்ட லைன் தெரியாமல் போகும்.
3. தொலைபேசி நிறுவனத்தில் போட்ட திருப்பத்தை ரத்து செய்துவிட்டு, மொபைலிலிருந்து அலுவலக எண்ணுக்கு. வரவேற்புக் குரல் வருகிறதா, சரியான மேசையில் அடிக்கிறதா?
4. வந்த அழைப்பை ஹோல்டில் போட்டு, வேறொரு எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிப் பாருங்கள்.
5. போன் திரையில் தேதி, நேரம்.
6. லிஃப்ட், கேட், தீ அலாரம். அலாரம் சோதனைக்கு முன் அதைக் கண்காணிப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏதாவது வராவிட்டால்

*ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் இல்லை:* அந்தப் போனைக் கழற்றி, வேலை செய்யும் வேறொரு இடத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் வயரிலோ க்ரோனிலோ கோளாறு.

*வரிசையாக எட்டு அல்லது பதினாறு எக்ஸ்டென்ஷன் இல்லை:* அவை எல்லாம் பெட்டிக்குள் ஒரே எக்ஸ்டென்ஷன் கார்டில் இருப்பவை, கோளாறு அந்தக் கார்டில். பெட்டியை முழுவதும் அணைக்காமல் கார்டைப் பிடுங்காதீர்கள். சர்வீஸ் ஆளிடம் விடுவது நல்லது.

*பிஆர்ஐ விளக்கு சிவப்பு:* மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறதா, அதிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் நிறுவனத்தில் புகார் பதியுங்கள். உங்கள் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டாம்.

*எஸ்ஐபி லைனில் ஒரு பக்கக் குரல் மட்டும்:* ரௌட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதி ஆனாகி இருக்கலாம். சேமிக்காத மாற்றம் மறைந்ததால் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அதை அணைத்து, இந்த முறை சேமியுங்கள்.

*பட்டப்பகலில் ‘அலுவலகம் முடிந்துவிட்டது’ என்ற குரல்:* பெட்டியின் கடிகாரம் தவறியிருக்கிறது. நேரத்தைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இப்படி ஆனால் உள்ளே இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பெட்டிகளில் புரோகிராமைக் காப்பதும் அதே பேட்டரிதான், அதனால் தள்ளிப்போடாமல் மாற்றச் சொல்லுங்கள்.

*எக்ஸ்டென்ஷன் எண்கள் எல்லாம் மாறிவிட்டன:* புரோகிராம் அழிந்திருக்கிறது. ஒவ்வொன்றாக நினைவிலிருந்து போட முயலாதீர்கள். நேற்று எடுத்த பேக்கப்பை ஏற்றுங்கள். ஏற்றத் தெரியாவிட்டால் பென் டிரைவைச் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் தேதி, அணைத்த நேரம், எழுப்பிய நேரம், கடைசியாக எழுந்த லைன் எது, எந்த போன் தகராறு செய்தது என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒரே போன் அடுத்த மாதமும் கடைசியாக எழுந்தால், அதன் வயரை மாற்றச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.